மோதினார் எழுதிய மறுமொழி

நெற்றி பாயில் பட்டதும் காதுக்குள் இருந்த சாமான் கீச்சிட்டது. முன்வரிசை முழுவதற்கும் கேட்டது. மோதினாருக்கு மட்டும் கேட்கவில்லை. காதுக்குள் எறும்பு ஊர்வதைப் போல ஏதோ அதிர்ந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் தொழுதவர் முழங்கையால் இடித்தார். அப்போதுதான் விளங்கியது. அவர் அதைப் பிடுங்கிச் சட்டைச் சேப்புக்குள் போட்டார். சேப்புக்குள்ளும் அது கத்தியது. இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும் வரை கத்தியது.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது றொட்டிக் கடை ஹஸன் வந்து பக்கத்தில் நின்றார்.

"மோதினார், சேப்புக்குள்ள கோழிக்குஞ்சு வளர்க்கிறீங்களோ?"

"என்ன?"

"கோழிக்குஞ்சு."

"ஓம் ஓம். பின்னேரம் பெய்யும்."

ஹஸன் வானத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மோதினாரின் பெயர் ஸைனுலாப்தீன். கிண்ணியாவில் கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளிவாசலில் ஐந்து நேரமும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்பவர். அதற்கு முன்பு பாதையில் வேலை செய்தவர். பாதை என்று ஊரார் சொன்னது பஸ்ஸையும் லொறியையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடந்த மிதவையை. பாலம் வந்தது, மிதவை நின்றது. அவர் பள்ளிக்கு வந்தார். காது எப்போது போகத் தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. மனைவி சுஹைராவுக்குத் தெரியும். அவள் குசினியிலிருந்து கூப்பிடுவதை நிறுத்தி, முன்னால் வந்து நின்று பேசத் தொடங்கிய காலத்திலிருந்து.

பாங்கு சொல்லக் காது வேண்டாம். குரலும் மணிக்கூடும் போதும். ஆனால் மோதினாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊரில் யாராவது இறந்தால் அந்த வீட்டார் முதலில் தொலைபேசி எடுப்பது அவருக்குத்தான். பெயரையும் வீதியையும் அடக்கும் நேரத்தையும் கேட்டு அவர் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும்.

காதுச் சாமான் வருவதற்கு முன்பு, மாரி முடிகிற காலத்தில் ஒருநாள் காலை, கடற்கரை வீதி ஹுஸைன் மௌத்து என்று சொன்னார்கள். கடற்கரை வீதி ஹஸன் மௌத்து என்று அவர் அறிவித்தார். தகப்பனின் பெயரையும் தானே சேர்த்துக்கொண்டார். ஹஸனை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஹஸன் அப்போது தன் கடையில் றொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். கையில் மாவோடு நின்று முழுவதையும் கேட்டார். மூதூரில் கட்டிக்கொடுத்த மகள் அழுதுகொண்டு ஓட்டோவில் வந்து இறங்கியபோது, அவர் ஒருவருக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். மகள் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவருடைய நெஞ்சில் அடித்தாள்.

ஊர் இதைச் சொல்லிச் சிரித்தது. ஹஸனே சிரித்தார். சில நாட்கள் பள்ளிக்கு வரும்போதெல்லாம், "இண்டைக்கும் நான்தானோ?" என்று கேட்டார். ஆனால் உண்மையில் இறந்தவர் ஹுஸைன். ஆட்கள் ஹஸனின் வீட்டுக்குப் போய்த் திரும்பி, விஷயம் விளங்கி வருவதற்குள் ஹுஸைனை மையவாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு இரண்டு வரிசைகூட நிறையவில்லை. மோதினாருக்கு அதுதான் மறக்கவில்லை.

நிர்வாகத் தலைவர் றுவைஸ் ஹாஜியார் அவரைக் கூப்பிட்டார். காதுக்குப் பக்கத்தில் குனிந்து உரக்கச் சொன்னார். தண்ணீர்த் தொட்டியில் கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காக்கா, நாங்க உங்கள விடச் சொல்லல்ல. காதுக்கு ஒண்டு பாருங்க. நோன்புக்கு முன்னம் நிர்வாகக் கூட்டம் இரிக்கி. அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லாட்டி மைக்க வேற ஆளுக்குத்தான் குடுக்க வேணும்."

மைக் இல்லாத மோதினார் பள்ளி கூட்டுகிற ஆள். வீட்டுக்கு வந்து சுஹைராவிடம் அப்படித்தான் சொன்னார். அவள் அலுமாரியைத் திறந்து, முட்டை விற்றுச் சேர்த்த காசை எடுத்து மேசையில் வைத்தாள்.

பக்கத்து வளவில் இருக்கும் மகள் இன்ஷிரா தன்னுடைய போனில் தேடினாள். பேஸ்புக்கில் ஒரு பக்கம் கிடைத்தது. அதன் பெயரில் இறையருளைக் குறிக்கும் பறக்கத் என்ற சொல் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் நேர்மையான வியாபாரத்தைப் பற்றி ஒரு ஹதீஸ் போட்டிருந்தார்கள். காது கேட்கும் கருவி, ஜப்பான், பதினாலாயிரத்து ஐந்நூறு. பிடிக்காவிட்டால் ஏழு நாட்களுக்குள் திருப்பலாம், முழுக் காசும் கிடைக்கும். கூரியர் பெடியன், காசைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம் என்றான். கொடுத்தார்கள்.

அதைப் போட்டதும் மின்விசிறியின் இரைச்சல் கேட்டது. தன்னுடைய மூச்சு கேட்டது. மனிதர்களின் பேச்சு முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது. மறுநாளே இன்ஷிரா தொலைபேசி எடுத்தாள். இளைஞன் ஒருவன் பேசினான்.

"வாப்பாட்டச் சொல்லுங்க, காது பழக வேணும். ரெண்டு கிழமை விடாமப் போடட்டும். அதுக்குப் பிறகும் சரிவராட்டி நானே வந்து எடுக்கிறன்."

மோதினார் இரண்டு கிழமையும் விடாமல் போட்டார். காதின் உட்புறம் புண்ணானது. அதற்குப் பிறகு எடுத்தபோது அதே குரல், அதே பணிவோடு சொன்னது:

"ஏழு நாள் எப்பவோ முடிஞ்சிட்டே."

பிறகு அந்த இலக்கத்தில் யாரும் எடுக்கவில்லை.

திருகோணமலை டவுனில் காது பரிசோதிக்கும் நிலையமொன்று இருந்தது. அங்கே சாமானைக் காட்டினார்கள். அங்கிருந்த பெண் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். இது எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டுகிற பொருள், காதுக் கருவி இல்லை என்றாள். சரியானது வேண்டுமானால் முதலில் பதினைந்தாயிரம் கட்ட வேண்டும். மிச்சத்தை மாதம் மாதம் கட்டலாம். அவர்களிடம் இருந்தது போய்விட்டது. நுகர்வோர் முறைப்பாடு செய்யப் போன இடத்தில் பற்றுச்சீட்டும் விற்றவரின் முகவரியும் கேட்டார்கள். இரண்டும் இல்லை. கூரியர் ஒட்டிய தாளில் சஜீத், மூதூர் என்றும் எடுக்காத அந்த இலக்கமும் மட்டும் இருந்தன.

"மூதூர்ல கல்லெறிஞ்சா ஒரு சஜீதுலதான் விழும்" என்றாள் இன்ஷிரா.

நிர்வாகக் கூட்டத்துக்கு இரண்டு நாட்கள்தான் இருந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமை இன்ஷிரா போனை எடுத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பும் கோபமுமாக இருந்தாள்.

"வாப்பா, உங்கட ஆள் உம்றாவுக்குப் போறார்."

மோதினார் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். சாமான் விற்ற பக்கத்தில் மக்காவிலுள்ள கஃபாவின் படம். கீழே எழுதியிருந்தது: இன்ஷா அல்லாஹ் வரும் வெள்ளிக்கிழமை உம்மாவுடன் உம்றாவுக்குப் போகிறேன். வியாபாரத்தில் யாருக்கும் உரிய ஹக் ஏதும் என்னிடம் இருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்து ஹலாலாக்கித் தாருங்கள். அதற்குக் கீழே ஆட்கள் ஆமீன் என்று எழுதியிருந்தார்கள். பூக்கள் போட்டிருந்தார்கள்.

"ஹலால் கேக்கிறான்" என்றார்.

"எல்லாரும் இப்பிடித்தான் போடுறது. ஒரு பழக்கம்."

"கேட்டவனுக்கு மறுமொழி சொல்லாம இரிக்க ஏலா மகள்."

"அது உங்களுக்கெண்டு போட்டதில்ல வாப்பா. எல்லாருக்கும் போட்டது."

"அந்த எல்லாருக்குள்ள நானும்தானே."

அவள் சிரித்தபடி உம்மாவைப் பார்க்கக் குசினிக்குப் போனாள். போன் அவரிடம் இருந்தது.

ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ புறப்படுகிறவர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது ஊர் வழக்கம். உங்களுக்குரியது ஏதும் என்னிடம் இருந்தால் ஹலாலாக்குங்கள் என்பார். கேட்கப்பட்டவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் போகிறவர் படியிலேயே நிற்பார். பெரும்பாலும் ஹலால் என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். மறுப்பதும் உண்டு, அரிதாக. பாதையில் வேலை செய்த காலத்தில் ஒருவர் தன் தம்பிக்கு மறுத்ததை மோதினார் கண்டிருக்கிறார். தம்பி அன்று மாலையே வேலிக் கதியாலைப் பிடுங்கி எல்லையை மாற்றி நட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

ஒரு விரலால் எழுதினார். அஸர் தொழுகைக்கு நேரம் நெருங்கும் வரை எழுதினார்.

'அஸ்ஸலாமு அலைக்கும். நான் கிண்ணியா மோதினார் ஸைனுலாப்தீன். காதுக்குச் சாமான் வாங்கியவன். நீங்கள் கேட்டதற்கு மறுமொழி. என்னுடையது ஹலால் இல்லை. காசைத் திருப்பித் தந்தால் ஹலால். உங்கள் உம்றா கபூலாகட்டும்.'

பாங்கு சொல்லப் போய்விட்டார்.

அவர் திரும்பி வந்தபோது இன்ஷிரா வாசலில் நின்றாள். போனை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வாப்பா, என்ன செஞ்சீங்க?"

"மறுமொழி போட்டன்."

"இது ஊரெல்லாம் பாக்குது. என்ட பேரில வேற இரிக்கி."

"அவன்ட கதவிலதானே போட்டன்?"

"கதவிலதான். தெருவால போற எல்லாரும் வாசிக்கிற கதவு."

அவர் போனை வாங்கிப் பார்த்தார். தன்னுடைய எழுத்துக்குக் கீழே வேறு ஆட்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர் புத்தளத்திலிருந்து: சோறாக்கும் மெஷின், இரண்டு நாள் வேலை செய்தது, எனதும் ஹலால் இல்லை. ஒரு பெண்: பிள்ளைக்குத் தொட்டில் வரவேயில்லை, ஹலால் இல்லை. இன்னொருவர் காரணம் எழுதவில்லை. ஹலால் இல்லை என்று மட்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது. சற்று முன்பு ஆமீன் சொல்லியிருந்த ஒருவர் அதை அழித்துவிட்டு இங்கே வந்து எழுதியிருந்தார்.

"இவ்வளவு பேரா?" என்றார்.

அன்று மஃரிப் தொழுகைக்கு முன்பு சஜீத் தானாகத் தொலைபேசி எடுத்தான். இன்ஷிரா அதைச் சத்தமாக வைத்தாள். மோதினாருக்குக் குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்டது. மகள் ஒவ்வொன்றையும் அவருடைய காதில் திரும்பச் சொன்னாள்.

"ராத்தா, வாப்பாட்டச் சொல்லி அத அழிக்கச் சொல்லுங்க. நாளைக்கே காசு போடுறன்."

"காசு முதல் வரட்டும்."

"நம்பிக்கை இல்லியா?"

"ரெண்டு கிழமை காதுக்குள்ள வச்சு நம்பினது தம்பி. அந்த நம்பிக்கைட புண் இன்னும் ஆறல்ல."

"அதுக்குக் கீழ எழுதினதெல்லாம் அதோட சேந்து அழியும். அதான் கேக்கிறன்."

"உங்கட பதிவுதானே. நீங்களே முழுசா அழிக்கலாமே?"

சஜீத் குரலைத் தாழ்த்தினான்.

"நான் அழிச்சா, ஓடிட்டான் எண்டுவாங்க. வாப்பா அழிச்சா, தீந்திட்டு எண்டுவாங்க. உம்மாவும் வாறா ராத்தா. மூதூர்ல வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிட்டா. இப்ப இதப் பாத்திட்டுச் சனம் அவவிட்டக் கேக்குது."

மகள் இதையும் மோதினாரின் காதில் சொன்னாள். தாயைப் பற்றி அவர் நினைத்திருக்கவில்லை.

புதன்கிழமை காலை சஜீதின் உம்மா நுஸ்ரத் வந்தார். மூதூரிலிருந்து பஸ்ஸில் பாலங்களைக் கடந்து வந்து, பள்ளியடியில் வீடு விசாரித்து, வெயிலில் நடந்து வந்திருந்தார். தனியாக வந்தார். கறுப்பு அபாயாவின் ஓரத்தில் புழுதி படிந்திருந்தது. சுஹைரா கதிரையை இழுத்துப் போட்டாள். நுஸ்ரத் உட்காரவில்லை. மோதினாரின் முன்னால் நின்று, தலையைக் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என்ட மகன்ட யாவாரத்தில உங்களுக்கு ஒரு குறை நடந்திட்டாம் காக்கா. அதுக்குத்தான் வந்தனான்."

மோதினார் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

"கேக்கல்ல தங்கச்சி."

சுஹைரா குறுக்கே வந்தாள். "நான் சொல்றன், நீங்க இரிங்க."

"இல்ல" என்றார் நுஸ்ரத். "நான் சொல்லி அவர் கேக்க வேணும். அதான் முறை."

இன்னும் பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தினார்.

"என்ட மகன் உங்களுக்குப் பிழையான சாமான் தந்திட்டான்."

மோதினார் அவருடைய உதடுகளைப் பார்த்தார். மகன் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. தலையை ஆட்டினார், இல்லை என்று.

நுஸ்ரத் தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னார்.

"என்ட மகன் உங்கள ஏமாத்திட்டான்."

பக்கத்து வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. வேலிக்கு அப்பால் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். மோதினாருக்குக் கேட்டது.

"இரிங்க தங்கச்சி" என்றார்.

நுஸ்ரத் காசு வைத்த ஒரு கடித உறையைக் கொடுத்தார். மோதினார் இரண்டு கையாலும் வாங்கி, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஹலால்" என்றார்.

தன்னுடைய குரல் எவ்வளவு உரத்தது என்று அவருக்குத் தெரியாது. அதுவும் தெருவுக்குக் கேட்டது.

பிறகு உள்ளே போய்க் காதுச் சாமானைப் பெட்டியோடு எடுத்து வந்தார். பஞ்சால் துடைத்து வைத்திருந்தார். நுஸ்ரத் அதை வாங்கித் திறந்து பார்த்தார். மகன் விற்றது எதையும் அவர் அதற்கு முன்பு கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்பது பார்த்த விதத்தில் தெரிந்தது.

"எழுதினத அழிச்சிருவீங்கதானே?"

இன்ஷிரா வந்திருந்தாள். அவள் அதை வாப்பாவின் காதில் சொன்னாள்.

"அழிச்சா மத்தவங்க எழுதினதும் போகுமாமே?" என்று மோதினார் கேட்டார்.

"போகும்" என்றாள் மகள்.

"அப்ப ஏலா. என்ட காசு வந்திட்டு. அத நான் எழுதுவன். மத்தவங்கட வாய நான் பொத்த ஏலா."

"நீங்க பள்ளி ஆள் காக்கா. எல்லாருக்குமாச் சேத்து நீங்க ஒரு சொல் சொன்னா..." என்றார் நுஸ்ரத். இன்ஷிரா அதையும் காதில் சொன்னாள்.

"தொட்டில் வராத பிள்ளைட ஹலால் என்ட வாயில இல்ல தங்கச்சி."

நுஸ்ரத் கதிரையில் உட்கார்ந்தார். சுஹைரா கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"நாளண்டைக்குப் பிளேன். நான் போகலாமா?" என்று கேட்டார். இதை அவர் உரக்கத்தான் கேட்டார்.

"அத மௌலவிட்டக் கேளுங்க. நான் பாங்கு சொல்ற ஆள்."

நுஸ்ரத் தலையை அசைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"சண்டையில ஊர விட்டு நடந்த வருஷம் உம்றாவுக்கு நேந்தது. இவன இடுப்பில வச்சுக்கொண்டு நடந்தனான். காசு எங்கால வருதெண்டு நான் அவனிட்டக் கேக்கல்ல. கேக்காம இருந்தா வரும் எண்டு இருந்திட்டன்."

மோதினாருக்கு இது கேட்கவில்லை. சுஹைராவைப் பார்த்தார். சுஹைரா அதைத் திரும்பச் சொல்லவில்லை. குடித்து முடித்த கோப்பையை வாங்குவது போல, நிறைந்திருந்த கோப்பையை நுஸ்ரத்தின் கையிலிருந்து வாங்கினாள்.

நுஸ்ரத் போன பிறகு மோதினார் போனைக் கேட்டு வாங்கினார். தான் முன்பு எழுதியதற்குக் கீழே எழுதினார்: என்னுடைய காசு கிடைத்தது. என்னுடையது ஹலால். இன்னும் ஏதோ எழுதத் தொடங்கினார். அவருடைய உம்மா என்று வந்ததும் நிறுத்தி, அந்த இரண்டு சொல்லையும் அழித்துவிட்டுப் போனைக் கொடுத்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. மோதினாரும் இன்ஷிராவும் காலை பஸ்ஸில் டவுனுக்குப் போனார்கள். பஸ்ஸில் இன்ஷிரா போனைப் பார்த்தாள். சஜீத் அந்தப் பதிவை நீக்கியிருந்தான். பக்கம் இருந்தது. புதிதாக ஒரு மின்சார அடுப்பை விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். பரிசோதனை நிலையத்தில் மோதினாரைக் கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்கும்போது கையை உயர்த்தச் சொன்னார்கள். இடது காதில் அநேகமாக ஒன்றும் இல்லை, வலது காதுக்குச் செய்யலாம் என்றார்கள். பதினைந்தாயிரம் கட்டினார்கள். ஐந்நூறு இன்ஷிராவுடையது. கருவி கொழும்பிலிருந்து வர மூன்று கிழமையாகும். அஸருக்குப் பின் நிர்வாகக் கூட்டம் நடந்தது. கருவி வரும் வரைக்கும் மௌத்து அறிவித்தலை றுவைஸ் ஹாஜியார் செய்வது, பாங்கு மோதினாரிடமே இருப்பது, நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மீண்டும் யோசிப்பது என்று முடிவானது. மோதினார் சரி என்றார். மஃரிபுக்கும் இஷாவுக்கும் அவரே பாங்கு சொன்னார். வீட்டில் புட்டும் மீன் ஆணமும் இருந்தன. சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.